இருநூறு மீட்டர்

துப்பட்டாவுக்கு அடியில், மடிமேல் கிடந்த ஃபோன் விட்டு விட்டு மூன்று தடவை அதிர்ந்தபோது, இது லேபிலிருந்து வருகிற அழைப்பாகத்தான் இருக்கும் என்று உலகம்மை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், காலையில் எடுத்த ரத்தமெல்லாம் எந்த ஸ்டாண்டில் இருக்கிறது என்று கேட்க அந்தப் புதுப் பெண் கூப்பிடுகிறாள், வேறொன்றுமில்லை. ஆனால் கூப்பிடுகிற அதிர்வு நீளமாக, வண்டு சுற்றுவதுபோல விடாமல் இருக்கும். இது அப்படி இல்லை. இது யாரோ விரல்முட்டியால் கதவைத் தட்டுவது போல. மனசு என்ன சமாதானம் சொன்னாலும் உடம்பு முதலில் தெரிந்துகொண்டுவிட்டது. அவள் ஃபோனை எடுக்கவில்லை. எடுக்காத வரைக்கும் அது லேபிலிருந்து வந்த அழைப்புதான். எதிரே பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகள் சாரலில் கரைந்து மங்கிக் கிடந்தன. குண்டெறிகிற பெரிய பெண்கள் முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றார்கள். பி.டி. மாஸ்டர் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு, சப் ஜூனியர் பெண்கள் இருநூறு மீட்டருக்குப் பெயர் கொடுத்தவர்கள் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கவும், கடைசி அழைப்பு, கடைசி அழைப்பு என்று சொன்னார். இதற்கு முன்பும் இரண்டு தடவை கடைசி அழைப்பு சொல்லியிருந்தார். மிதுனா அங்கேதான் நின்றாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வரிசையில் எல்லோரையும்விட ஒரு விரற்கடை உயரமாக, நெஞ்சில் ஊக்கு குத்திய நம்பர் துணி காற்றில் படபடக்க, செருப்பில்லாத காலை ஒன்றின்மேல் ஒன்று தேய்த்துக்கொண்டு நின்றாள். உன் பிள்ளை ஓடப்போகிறது, அதைப் பார்க்க வந்திருக்கிறாய், பார் என்று உலகம்மை சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே ஃபோனைத் திருப்பினாள்.

வட்டம் இருந்தது. வட்டத்துக்குள் வட்டமாக மூன்று, நடுவில் நீலமாக அவள். எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கிற கோட்டின்மேல் குங்குமம் சிந்தியதுபோல ஒரு சிவப்புப் புள்ளி. ரோடு இல்லை, தெரு இல்லை, வடக்கு தெற்கு இல்லை. எந்தப் பக்கம் என்று அது சொல்லாது, எவ்வளவு கிட்டத்தில் என்று மட்டும்தான் சொல்லும். கோர்ட்டில் இதை ஃபோனில் போட்டுக் கொடுத்தபோது அவள் கேட்டாள், ஏன் மேப் போட்டுக் காட்டக் கூடாது என்று. அவர் எங்கே போகிறார் வருகிறார் என்று நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாதும்மா, அவருக்கும் உரிமை இருக்கு என்றார் அங்கிருந்த பெண். அந்த உரிமை என்கிற வார்த்தையை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து பல நாள் உருட்டிக்கொண்டிருந்தாள். ஜாமீனில் வெளியே வந்த அவள் புருஷன் செண்பகக்குமாருக்கு வலது கணுக்காலில் பட்டை. கறுப்பாக, தடிமனாக, வாட்ச்சைப் போல இருக்கும், குளிக்கும்போதும் கழற்ற முடியாது, வெட்டினால் ஸ்டேஷனில் மணி அடிக்கும், சார்ஜ் இறங்கினால் அடிக்கும் என்று சொன்னார்கள். அவள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. மாட்டிவிடும்போது அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். வானத்தில் எங்கேயோ சுற்றுகிற செயற்கைக்கோள்கள் நான்கைந்து சேர்ந்து அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருக்கும், அவள் ஃபோனையும் பார்த்துக்கொண்டே இருக்கும், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் குறைந்தால் தட்டிச் சொல்லும். இந்த வட்டம் வீட்டைச் சுற்றிப் போட்ட வேலி இல்லை, அவள் போகிற இடமெல்லாம் கூடவே வருகிறது, பஸ்ஸில் ஏறினால் பஸ்ஸோடு, கோயிலுக்குப் போனால் கோயிலுக்கு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அது உறைத்தது: கோட்டைத் தாண்டினால் அவன் காலிலும் அதிரும், எச்சரிக்கை, திரும்பிப் போ என்று அதிரும். அப்படியென்றால் அவள் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறாள் என்று அதுவே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. ஒவ்வொரு தெருவாக நடந்து, காலில் தட்டுகிற இடத்தில் நின்று, தட்டாத பக்கம் விலகி, தட்டுகிற பக்கம் திரும்பி, கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாடுகிற பிள்ளை மாதிரி அவளை வந்து தொட்டுவிடலாம். இதை அவள் ஏட்டம்மா எஸ்தரிடம் சொன்னபோது எஸ்தர், அந்த அளவுக்கெல்லாம் யோசிக்காதீங்கம்மா, தூக்கம் கெட்டுரும் என்றாள்.

புள்ளி கோட்டின்மேலேயே இருந்தது. சிக்னல் தாவியிருக்கும். தாவுவது உண்டு. போன மாதம் ரேஷன் கடையில் வரிசையில் நின்றபோது திடீரென்று அது நடு வட்டத்துக்குள் வந்து குதித்தது. அவள் திரையில் போலீஸைக் கூப்பிடுகிற பொத்தானை அமுக்கிவிட்டு, பச்சரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் குத்தவைத்துவிட்டாள். கடைக்காரர், என்ன தாயி, என்ன தாயி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் அவன் சுரண்டையில் அவன் அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். போலீஸ்காரர்கள் போய் எழுப்பிப் பார்த்துவிட்டு வந்தார்கள். இன்னொரு தடவை லேபில், ஒரு பெரியவர் கையில் ஊசி ஏற்றி ரத்தம் வந்துகொண்டிருக்கும்போது. ஊசியை எடுக்காமல் பொத்தானை அமுக்கினாள், அதை நினைத்தால் இன்னும் அவளுக்குக் கை கூசும். அன்றைக்கும் தாவல்தான். ஜீப்பில் வந்தவர் நல்ல மனுஷன்தான், ஆனாலும் படியிறங்கும்போது பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார், புருசன உள்ள தள்ளணும்னே இந்தம்மா அமுக்குதோ என்னவோ என்று. அவள் இடது பக்கம் நின்று சொல்லியிருந்தால் கேட்டிருக்காது. வலது பக்கம் நின்று சொன்னார்.

இடது காது கேட்காது. ஆலங்குளத்தில் ஒரு இளநீர் குடித்ததற்காகப் போன காது. அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்ததும் இளநீர்க்காரரின் அரிவாள் சத்தம் வந்துவிட்டது. பஸ் அரைமணி நேரம் நிற்கும் என்று சொன்னார்கள், அவள் இறங்கி ஒரு இளநீர் வாங்கிக் குடித்தாள், வழுக்கையைச் சீவித் தரச் சொல்லி நின்றாள். அவ்வளவுதான். ஃபோனில் அவள் நின்ற இடம் அவனுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவை லொக்கேஷன் அனுப்பிவிடு உலகு, பத்திரமாப் போயிட்டியான்னு தெரியணும்ல என்று கல்யாணமான புதிதில் கேட்டான், அவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது, தன்னை இப்படித் தேட ஒரு ஆள் இருக்கிறதே என்று. பிறகு தினமும் ஒரு தடவை. பிறகு எப்போதும் போட்டே வைத்திரு என்று. அவனுக்குக் காற்றாலையில் வேலை, அத்தனை உயரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, அவள் லேபிலிருந்து காய்கறிக் கடைக்கு, கடையிலிருந்து ஸ்கூலுக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆலங்குளத்தில் எவன்கூட நின்ன என்று கேட்டான். இளநீர்க்காரரோடு நின்றேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிக்காமல் சொல்லியிருந்தால் காது இருந்திருக்குமோ. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நினைப்பு இங்கே வந்து முள்ளில் சேலை மாட்டியதுபோல மாட்டிக்கொள்ளும். சிரித்ததனாலா. பதில் சொன்னதனாலா. இறங்கியதனாலா. மிதுனா அப்போது அடுக்களை நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் கையில் பிஸ்கட் இருந்தது, அதைக் கடிக்காமல் வைத்திருந்தாள்.

"எம்மா, என்ன யோசன? எத்தன தரம் கூப்பிடுதேன்" என்று மைமூன் தோளைத் தொட்டாள். உலகம்மை துள்ளிவிட்டாள். மைமூனின் மகள் ஷிஃபாவும் மிதுனாவும் ஒரே வகுப்பு, ஒரே ஆட்டோ. புதுப் பள்ளிக்கூடத்தில் உலகம்மையிடம் இரண்டு வார்த்தை பேசுகிற ஒரே ஆள் மைமூன்தான். இடது பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள், ஒன்றும் விழவில்லை.

"ஒண்ணுமில்ல மைமூன். காது அந்தப் பக்கம் எடுக்காதுல்லா."

"அட, மறந்துட்டேன் பாருங்க. முறுக்கு சாப்பிடுங்க. உங்க மக இன்னைக்கு அடிச்சுத் தூக்கிருவா. நம்ம ஷிஃபா குண்டெறியப் போறேன்னு சொல்லி, குண்டு கால்ல விழுந்துரும்னு அழுதுட்டு வந்துட்டா."

முறுக்கை வாங்கிக்கொண்டாள். கடித்தால் தலைக்குள் இடி இடிப்பதுபோலச் சத்தம் கேட்கும், வேறெதுவும் கேட்காது. அதனால் கடிக்காமல் வைத்துக்கொண்டாள். ஃபோனைப் பார்த்தாள். புள்ளி இல்லை. அப்பாடா என்று மூச்சு வெளியே போகும்போதே மறுபடி வந்தது. இப்போது முதல் வட்டத்துக்கு உள்ளே. தாவல் என்றால் அங்கும் இங்கும் குதிக்கும், இப்படி ஒரே பக்கமாக ஊர்ந்து வராது. ஊர்ந்துதான் வருகிறதா? கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவைதான் அது மாறும். நடுவில் அவன் எங்கே இருக்கிறான் என்பது யாருக்கும் தெரியாது. திரையில் அது நின்றுகொண்டிருக்கும்போதுதான் அவன் நடந்துகொண்டிருப்பான். இங்கே வர வேண்டிய காரியம் அவனுக்கு என்ன? பள்ளிக்கூடம் மாற்றியது அவனுக்குத் தெரியாது. தெரிந்தது யார் யாருக்கு? அம்மாவுக்கு. அம்மா சொல்ல மாட்டாள், செத்தாலும் சொல்ல மாட்டாள். தங்கச்சி புருஷன்? அவனோடு சேர்ந்து குடித்தவன்தான், ஆனால் கோர்ட்டில் அவள் பக்கம் சாட்சி சொன்னான். ஆட்டோக்காரர்? லேபுக்கு வருகிறவர்கள்? யூனிஃபாரம் தைத்தவரிடம் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னோமே, அவர் தம்பி சுரண்டையில்தானே கடை வைத்திருக்கிறார். ஒவ்வொரு முகமாக வந்து நின்று, நானில்லை நானில்லை என்றது. கடைசியில் எல்லா முகமும் சேர்ந்து, நீதான் எங்கேயாவது சொல்லியிருப்பாய் என்றது. சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாய்.

யானைக்குப் பட்டை கட்டியதை அவளும் செண்பகக்குமாரும் சேர்ந்து உட்கார்ந்துதான் டிவியில் பார்த்தார்கள். மலையிலிருந்து இறங்கி வாழைத் தோப்பை அழித்த யானை. மயக்க ஊசி போட்டு, கண்ணைத் துணியால் மூடி, கழுத்தில் பட்டை கட்டி, லாரியில் ஏற்றி வேறு காட்டில் கொண்டு விட்டார்கள். இறங்கின யானை கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிட்டு, தும்பிக்கையை உயர்த்திக் கழுத்தைத் தடவிப் பார்த்தது. செண்பகக்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. சோற்றில் கை வைத்தபடி, பாவம்ட்டி, அது தண்ணி குடிக்கப் போறதக்கூட ஒருத்தன் ரூம்ல உக்காந்து பாத்துக்கிட்டிருப்பான், அதுக்குத் தெரியாது பாரு என்றான். அப்போது அவள் ஃபோன் அவன் பக்கத்தில்தான் சார்ஜில் கிடந்தது. அவன் நடிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்றைக்கும் பிடிபடாத விஷயம். யானைக்காக உண்மையாகவே அழுதான். நாய்க்குட்டிக்கு அழுவான், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரியெல்லாம் நெற்றியில் துணி போட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பான். வக்கீல் அதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்றார். கேட்டால் மட்டும் சொல்லுங்கள் என்றார். யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது வட்டம். கை தானாகவே எஸ்தருக்குப் போட்டது. வலது காதில் ஃபோனை வைத்தால் உலகம் மொத்தமும் அடைத்துப் போகும், யார் பின்னால் வந்து நின்றாலும் தெரியாது. அதனால்தான் கடைசி வரிசையில், பந்தல் துணிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். ஆனால் துணி துணிதான், சுவர் இல்லை. காற்று அதை உப்பவைத்து முதுகில் தள்ளியது, ஒவ்வொரு தள்ளலுக்கும் அவள் நிமிர்ந்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றாள் எஸ்தர். எங்கேயோ பந்தோபஸ்தில் இருக்கிறாள், பின்னால் மேளச் சத்தம்.

"மேடம், புள்ளி உள்ள வந்திருக்கு."

"எவ்வளவு உள்ள?"

"ரெண்டாவதுல. நகந்து நகந்து வருது. நான் மக ஸ்கூல்ல இருக்கேன், ஸ்போர்ட்ஸ் டே."

"வானம் மூடிக் கெடக்குல்லா, தாவியிருக்கும்மா. சாரல் நேரம் மலப்பக்கம் இப்படித்தான் காட்டும். கன்ட்ரோல் ரூம்ல கேட்டுட்டுக் கூப்பிடுதேன். நீங்க ஆளக் கண்ணால பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"பாத்தா ஒடனே அமுக்கிருங்க. பாக்காம அமுக்காதீங்க, என்ன? ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். இன்னொரு தரம் தப்பா அமுக்குனா, அடுத்து நெசமா அமுக்கும்போது வாறவன் மெதுவா வருவான்."

பார்த்த பிறகு அமுக்க வேண்டும். கண்ணால் பார்க்கிற தூரத்துக்கு அவன் வந்த பிறகு அமுக்கினால் போதுமென்றால், இத்தனை செயற்கைக்கோள் எதற்கு, இந்த வட்டம் எதற்கு? இதைக் கேட்டிருக்க வேண்டும். சரி மேடம் என்றுதான் வாயில் வந்தது. வைத்துவிட்டாள். வைத்ததும் யாரோ, உலகு! என்று கூப்பிட்டார்கள்.

ஒற்றைக் காதுக்குத் திசை கிடையாது. சத்தம் எங்கிருந்து வந்தாலும் தலைக்குள்ளே இருந்து வந்த மாதிரிதான் இருக்கும். அவள் எழுந்துவிட்டாள். நாற்காலி சரிந்தது. வலப்பக்கம் திரும்பினாள், இடப்பக்கம் திரும்பினாள், ஹெல்மெட் வைத்த ஆட்கள், குடை பிடித்த ஆட்கள், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிற ஆட்கள், எல்லோருக்கும் அவன் கழுத்து, எல்லோருக்கும் அவன் தோள். உலகு என்று கூப்பிட அவனைத் தவிர யாருமில்லை. அம்மாகூட உலகம்மை என்றுதான் கூப்பிடுவாள். மறுபடியும், உலகு, உலகு, கமான் என்று கேட்டது. முன்வரிசையில் ஒருத்தர் எழுந்து நின்று இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்திக்கொண்டிருந்தார். குண்டெறிகிற பெண்களில் ஒருத்தி அவரைத் திரும்பிப் பார்த்து, சும்மா இருங்கப்பா என்று கையைக் காட்டினாள். ஊரில் எத்தனை உலகம்மைகள். அவள் உட்கார்ந்தாள். மைமூன் நாற்காலியைப் பிடித்துக்கொடுத்தாள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முறுக்குப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துவிட்டாள். மடியில் ஃபோன் மறுபடி அதிர்ந்தது.

கடைசி வட்டம். சிவப்புப் புள்ளியும் நீலப் புள்ளியும் ஒரே தட்டில் கிடக்கிற இரண்டு மாத்திரைகள் மாதிரி இருந்தன. அதற்குக் கீழே பொடி எழுத்தில் சுமாராக இருநூறு மீட்டர் என்று போட்டிருந்தது. பிறகு புள்ளி நகரவில்லை. ஒவ்வொரு தடவை திரை மாறும்போதும் அதே இடம். தூங்குகிற மனுஷனின் புள்ளி இப்படி அசையாமல் இருக்கும், காத்துக்கொண்டு நிற்கிறவனின் புள்ளியும் அப்படித்தான் இருக்கும். இருநூறு மீட்டர் என்றால் எவ்வளவு? கேட்டுக்கு வெளியே இருக்கிற ஐஸ்வண்டியா? பின்பக்க மதிலா? பேசாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். வரிசையிலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, இந்தப் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டு. விடிவதற்கு முன்னால் எழுந்து தெருவுக்குள்ளேயே ஓடிப் பழகியவள், தெருவைத் தாண்டிப் போகாதே என்று உலகம்மை சொன்னதால் வீட்டுக்கும் குழாயடிக்கும் நடுவே முப்பது நாற்பது தடவை திரும்பித் திரும்பி ஓடியவள். அவளிடம் போய் என்ன சொல்வது? உங்க அப்பா வந்திருக்கார் என்றா, வந்திருக்கலாம் என்றா, வானத்திலிருந்து தாவியிருக்கலாம் என்றா?

பிள்ளைகள் கோட்டில் வந்து நின்றுவிட்டார்கள். மிதுனா உள்பக்கத்திலிருந்து நான்காவதாக. எல்லாப் பிள்ளையும் தாயைத் தேடிப் பந்தல் பக்கம் பார்த்துச் சிரித்தது, கையாட்டியது. மிதுனா பார்க்கவில்லை. அவள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், மைதானத்துக்கு அந்தக் கடைசியில், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் மதில் கொஞ்சம் இடிந்து தாழ்ந்திருக்கிற இடத்தை. பார்த்துவிட்டு, இடுப்புக்கு மேலே வராமல், யாருக்கும் தெரியாமல் கையை ஒரு ஆட்டு ஆட்டினாள். உலகம்மை அந்தக் கையின் வழியே போய்ப் பார்த்தாள். மதிலுக்கு வெளியே ஏதோ மேட்டில் ஏறி நின்றிருந்தான். ஹெல்மெட், மழைக்கோட்டு, முகம் தெரியவில்லை. முகம் எதற்கு? இடது தோளைச் சற்றே தாழ்த்தி, கழுத்தை முன்னால் நீட்டி நிற்கிற அந்த நிற்பு, பத்து வருஷம் வாசலில் பார்த்த நிற்பு. அவனும் கையை உயர்த்தினான்.

பயம் போய்விட்டது. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தாவலா, இல்லையா என்று சுற்றிக்கொண்டிருந்தது சட்டென்று நின்று, தலைக்குள் ஒரு வெளி கிடைத்தது, அந்த வெளியில் குளிர்காற்று அடித்தது. அங்கே நிற்கிறான். பிள்ளையைப் பார்க்க நிற்கிறான். பார்த்துவிட்டுப் போய்விடுவான். இத்தனை தூரத்தில் நின்று பார்ப்பதால் யாருக்கு என்ன? மிதுனா கூப்பிட்டிருக்கிறாள், அவன் வந்திருக்கிறான், அப்பன் பிள்ளை. நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் ஒன்றும் இல்லை; ஓடி முடிப்பாள், போவான், புள்ளி கோட்டைத் தாண்டி வெளியே போய் அணைந்துவிடும், சாயங்காலம் எஸ்தர் கூப்பிட்டு, தாவல்தானம்மா என்பாள், ஆமா மேடம் என்று சொல்லிவிடலாம். அமுக்கினால் ஜாமீன் போகும். அமுக்கினால் மிதுனா வாழ்நாள் முழுக்க இந்த நாளை வைத்திருப்பாள். ஒரே ஒரு தடவைதானே. ஒரே ஒரு தடவை. அந்த வார்த்தையில் வந்து கால் இடறியது. ஒரே ஒரு தடவை அனுப்பிவிடு உலகு, பத்திரமாப் போயிட்டியான்னு தெரியணும்ல. அவன் எதையும் பெரிதாகக் கேட்டதில்லை, எப்போதும் சின்னதாகத்தான் ஆரம்பிப்பான். இன்றைக்கு மதிலுக்கு வெளியே. இன்னொரு நாள் கேட்டுக்கு வெளியே. அப்புறம் ஆட்டோ நிற்கிற முக்கில், அப்புறம் தெருவில், கதவுக்கு வெளியே நின்று, ஒரே ஒரு தடவை திற உலகு என்று. மாஸ்டர் துப்பாக்கியை உயர்த்தினார். உலகம்மை பொத்தானில் கட்டைவிரலை வைத்தாள்.

வைத்தால் போதாது. விரலைச் சுற்றி ஒரு கோடு சுற்றி வந்து முடிகிறவரை எடுக்கக் கூடாது, தெரியாமல் பட்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருந்தார்கள். வெடித்தது. பிள்ளைகள் கிளம்பினார்கள். எடுத்துவிடு என்று விரல் சொன்னது. அவள் ஃபோனைப் பார்க்கவில்லை, மிதுனாவைப் பார்த்தாள். முதல் வளைவில் மிதுனா நான்காவதாக இருந்தாள், பின்னல் அவிழ்ந்து முதுகில் அடித்தது, ஈர மண் குதிகாலிலிருந்து தெறித்தது. விரல் வெள்ளையாகிவிட்டது. மைமூன் எழுந்து நின்று, ஓடு மிது, ஓடு மிது என்று கத்தினாள். வளைவு முடிந்து நேர்பாதைக்கு வந்ததும் மிதுனா வெளிப்பக்கமாக ஏறி ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள், வாயைத் திறந்து, கண்ணைச் சுருக்கி, யாரையும் பார்க்காமல் ஓடினாள், அந்த நேரத்தில் மதிலையும் பார்க்கவில்லை. ஃபோன் நீளமாக ஒரு தடவை அதிர்ந்து நின்றது. போய்விட்டது. மிதுனா இரண்டாவதாக எல்லைக் கோட்டைத் தாண்டி, நிற்க முடியாமல் இன்னும் கொஞ்சம் ஓடி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

போலீஸ்காரர்கள் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழா பந்தோபஸ்துக்கு வந்தவர்களாக இருக்க வேண்டும், அவ்வளவு சீக்கிரம் வந்தார்கள். மதிலுக்கு மேலே இரண்டு தொப்பிகள் தெரிந்தன. அவன் ஓடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினான். தலை முன்னால் நரைத்திருந்தது. கோர்ட்டில் பார்த்ததைவிட இளைத்திருந்தான். மைதானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், பந்தலை அல்ல. ஒரு தொப்பி அவன் தோளில் கை வைத்தது, மூன்று தலைகளும் மதிலுக்குக் கீழே இறங்கிவிட்டன. மாஸ்டர் மைக்கில் அடுத்த போட்டியை அறிவித்துக்கொண்டிருந்தார். அங்கே ஏதோ நடந்தது என்று மைதானத்தில் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

மிதுனா நேராக வந்தாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை. மைமூன் எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளப் போனவள், பிள்ளையின் முகத்தைப் பார்த்து, தண்ணி கொண்டாறேன் என்று நகர்ந்துவிட்டாள்.

"அப்பாவ நான்தான் வரச் சொன்னேன்" என்றாள் மிதுனா.

"எப்படி?"

"ஷிஃபா அம்மா ஃபோன்ல. அவங்களுக்குத் தெரியாது. உள்ள வரக் கூடாது, வெளியே நின்னு பாத்துட்டுப் போயிரணும்னு சொன்னேன். சத்தியம் பண்ணாங்க. உள்ள வரலதான?"

"வரல."

"பொறவு எதுக்குப் பிடிச்சாங்க?"

"நான்தான் பிடிச்சுக் குடுத்தேன்."

மிதுனா அவளை நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் வேர்வையும் சாரலும் சேர்ந்து வழிந்தது, துடைக்கவில்லை. அடிப்பாள் போலிருந்தது. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குள் எஸ்தர் கூப்பிட்டாள், மேளச் சத்தத்துக்கு நடுவே வேகமாகப் பேசினாள்: "மன்னிச்சுருங்கம்மா, நெசமாத்தான் வந்திருக்கான். பிள்ள கூப்பிட்டுத்தான் வந்தேங்கான். பொய் சொல்லுதான்னு எழுதிக்கிடட்டா? இல்ல பிள்ளயத்தான் கேக்க வேண்டியிருக்கும். நீங்க சொல்லுங்க."

ஃபோனின் சத்தம் மிதுனாவுக்கும் கேட்டது. அவள் அசையாமல் நின்றாள். பொய் என்று எழுதிவிட்டால் பிள்ளை ஸ்டேஷன் படி ஏற வேண்டாம், அவன் இன்னும் கொஞ்ச காலம் உள்ளே இருப்பான், எல்லாம் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும்.

"அவர் சொல்றது நெசம்தான் மேடம்" என்றாள் உலகம்மை. "பிள்ளதான் கூப்பிட்டிருக்கா. நானே கூட்டிக்கிட்டு வாறேன்."

ஃபோனை வைத்தாள்.

"நடந்ததச் சொன்னா விட்டுருவாங்களா?" என்று மிதுனா கேட்டாள்.

"தெரியல."

"நீ விடச் சொல்லுவியா?"

"மாட்டேன்."

"நான் விடச் சொல்லுவேன்."

"சொல்லு. உனக்குத் தோணுறதச் சொல்லு. நான் எனக்குத் தோணுறதச் சொல்லுதேன்."

மிதுனா மூக்கை உறிஞ்சினாள். "நான் ஓடுனத நீ பாக்கவே இல்ல. ஃபோனத்தான் பாத்துக்கிட்டிருந்த."

"பாத்தேன். முத வளைவுல நாலாவதா வந்த. நேரா வந்தப்பொறவு வெளியால ஏறி அந்தச் செவத்த பிள்ளயையும், ரெட்ட சடக்காரியையும் தாண்டுன."

மைக்கில் மிதுனாவின் பெயரைக் கூப்பிட்டார்கள், வெற்றி மேடைக்கு உடனே வரவும் என்று. உலகம்மையின் கையைத் தொடாமல் திரும்பி, சுண்ணாம்புக் கோடுகளை மிதித்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே தனியாக நடந்து போனாள். இரண்டு என்று எழுதிய கட்டையில் ஏறி நின்றாள். யாரோ கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். மைமூன் தட்டினாள், ஷிஃபா தட்டினாள், பந்தல் மொத்தமும் தட்டியது. உலகம்மையின் வலது கையில் ஃபோன் இன்னும் இறுகிக் கிடந்தது. திரையில் வட்டம் காலியாக இருந்தது. கை தட்டுவதற்கு அதை எங்கேயாவது வைக்க வேண்டியிருந்தது. நாற்காலியில் கவிழ்த்து வைத்துவிட்டு, பந்தலுக்கு வெளியே சாரலில் வந்து நின்று, இரண்டு கையாலும் ஓங்கித் தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள். மேடையிலிருந்து மிதுனா ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தாள். சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.